மூன்றாம் நம்பர் வீட்டில் காணாமல் போன சொற்கள்

2003ஆம் வருசம் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை, வீரபாண்டியில் நஞ்சப்பன் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில், மூன்றாம் நம்பர் வீட்டிலிருந்து ‘உப்பு’ என்ற சொல் காணாமல் போனது. உப்பு இருந்தது. அடுப்பு மேடையில், மூடி போட்ட டப்பாவில் முக்கால் கிலோ இருந்தது. சொல்தான் இல்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த சண்முகவேல் தட்டின் முன்னால் உட்கார்ந்து “ரசத்துல...” என்று ஆரம்பித்தான்; அதற்குமேல் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. இன்னொருதரம் முக்கிப் பார்த்தான். வரவில்லை. டப்பாவை விரலால் காட்டி வாங்கி, ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். நாலு வயது மகள் யாழினிக்கும் அந்தச் சொல் வரவில்லை, மனைவி மைதிலிக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டு ராமாத்தாளுக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குப் பூராவும் உப்பு உப்பு என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது இதுதான்.

மைதிலி வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுப்பவள். தைத்த பனியன்கள் கட்டுக்கட்டாக வரும், தொங்கும் நூலையெல்லாம் வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவே, குக்கரை அடுப்பில் வைத்து மூன்று விசில் வருவதற்குள், கம்பெனிக் கட்டிங் டேபிளில் மிஞ்சியதென்று சண்முகவேல் கொண்டுவரும் காகிதத்தில் கதை எழுதுவாள். முந்தின நாள் எழுதிய கதையில்தான் ‘உப்பு’ இருந்தது. எழுதுகிற சொல் எல்லாமே போய்விடாது. போயிருந்தால் குடும்பமே ஊமையாகியிருக்கும். எந்தச் சொல் தனக்கான இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்ததோ அது மட்டும் போனது. நாலு மாதம் கழித்து அந்தக் கதை கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றில் அச்சானது. அது தபாலில் வந்த அதே நேரத்தில் சண்முகவேல் கம்பெனியில் துணியை விரித்தபடி, சம்பந்தமே இல்லாமல் “உப்பு! உப்பு!” என்று கத்தினான். மேனேஜர் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

விசயம் புரிந்ததும் மைதிலி ஒரு மாதம் எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் தலை வலித்தது, ஒன்றுமில்லாததுக்கெல்லாம் பிள்ளையை அடித்தாள். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் பக்கம் யாரும் ‘வீடு’ என்று சொல்வதில்லை, ‘ஊடு’தான். அதனால் புத்தகத்தில் வருகிற தமிழாகப் பார்த்து எழுதினாள். ‘வீடு’ என்று நாற்பது தடவை எழுதியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாக அனுப்பி வைத்தாள். “கதை சரி, ஆனால் அதில் உள்ளவர்கள் செய்தி வாசிக்கிறார்கள்” என்று ஆசிரியர் கார்டு போட்டுவிட்டார். மைதிலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பதையும் அடித்து ‘ஊடு’ என்று மாற்றினாள். ஐயோ, எப்படி வந்து உட்கார்ந்தது! அன்று சாயங்காலம் முதல் அந்த மூன்று பேரும் ‘வீடு, வீடு’ என்றே பேச வேண்டியதாயிற்று. சண்முகவேல் டீக்கடையில் “வீட்டுக்குப் போறனுங்க” என்றால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ராமாத்தாள் சும்மா இருப்பாளா? “ஏனுங்க, உங்கூட்டுக்காரரு ரேடியோவுல வேலைக்குச் சேந்துட்டாருங்களா?” என்று மைதிலியைக் கேட்டாள். அஞ்சு மாதம் கழித்து அச்சில் வந்ததும் அது சரியாயிற்று.

வினை 2005 ஐப்பசியில் வந்தது. மைதிலிக்கு ஒரு கதை தோன்றியது. கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒரு குழந்தை நிற்கிறது, வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, குழந்தை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறது. உள்ளே செக்கிங்கில் நிற்கும் ஐம்பது பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை. அந்தச் சொல்லுக்கு எங்கள் பேச்சிலும் புத்தகத்திலும் ஒரே ரூபம்தான். ‘தாயே’ என்று எழுதிப் பார்த்தாள், பிச்சைக்கு வந்த மாதிரி இருந்தது. ‘அன்னையே’ என்று எழுதினாள், கோயில் மைக்செட் மாதிரி இருந்தது. சண்முகவேல் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். “எதைய வேணா எழுதிக்க புள்ள. புளிய எழுது, மொளகா எழுது, எம்பேரக்கூட எழுது. அந்த ஒண்ண மட்டும் எழுதீராத.” அவளுக்கும் எழுத மனசில்லை, எழுதாமல் இருக்கவும் மனசில்லை. பிள்ளை வாயிலிருந்து அதைப் பிடுங்குவது பாவமா, வந்த கதையின் கழுத்தை நெரிப்பது பாவமா என்று தெரியாமல் மூன்று மாதம் குழம்பினாள். சோற்றைக் குழைய விட்டாள், பனியனில் பிசிறோடு சேர்த்துத் தையலையும் வெட்டினாள்.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவே எழுதிவிட்டாள். தெரிந்தேதான் எழுதினாள். அதை நான் மறைக்கப் போவதில்லை.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி வாசலில் நின்று வாயைத் திறந்தாள். தும்மல் வராமல் நின்றுவிட்ட மாதிரி முழித்தாள். அப்புறம், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவது போல, “ஏனுங்க” என்றாள். மைதிலி பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள், எழுதின தாளைக் கிழித்தாள். சொல் திரும்பவில்லை. அச்சில் வராமல் அது வராது என்று தெரிந்ததும், கிழிசலை ஒட்டிவைத்துப் படியெடுத்து அனுப்பினாள்.

குன்னத்தூரில் சண்முகவேலைப் பெற்ற மருதம்மாள் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுகிற மகன் இப்போது “சொல்லுங்க, சொல்லுங்க” என்பதோடு சரி. “பெத்தவள மொற வெச்சுக் கூப்பட வாய் வலிக்குதாக்கும்?” என்று அவர் போனை வைத்துவிட்டார். சமாதானம் சொல்லலாம் என்றால் அதற்கும் அந்தச் சொல்தான் வேண்டியிருந்தது. யாழினி மட்டும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள். பத்திரிகைக் கவரில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “மைதிலீங்க, பசிக்குதுங்க” என்றாள். ராமாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் மைதிலியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்க வலித்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. நன்றாக இருந்ததை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள்.

பத்து மாதம் ஆகியும் கதை வரவில்லை. சண்முகவேல் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் பஸ் ஏறினான். என்ன அவசரம் என்று ஆசிரியர் கேட்டார். “ஊட்ல ஒரு சாமான் கெடைக்க மாட்டீங்குதுங்க. இது அச்சுல வந்தாத்தான் கெடைக்குமுங்க” என்றான். அவர் கதையைத் தேடி எடுத்து அடுத்த இதழிலேயே போட்டார்.

2007 ஜனவரியில், காலை பதினொன்றே காலுக்கு, மூன்றாம் வகுப்பில் கணக்குப் பாடத்தின் நடுவே யாழினி “அம்மா” என்றாள். டீச்சர் உட்காரச் சொன்னார். சண்முகவேல் குன்னத்தூருக்குப் போன் பண்ணி அதையே ஒன்பது தடவை சொன்னான். காய்ச்சலா சாமி என்று மருதம்மாள் கேட்டார். சாயங்காலம் மைதிலி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இன்னொருக்கா சொல்லு, இன்னொருக்கா சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆனால் வந்த சொல்லுக்காக ‘மைதிலி’ என்ற பெயர் இடத்தைக் காலி செய்யவில்லை. இரண்டும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டன. சோறு போடும்போதும் தலை பின்னும்போதும் அம்மா; காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்துவிட்டால் வேறு ஆள். அக்கம்பக்கத்தாருக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. அடுத்த வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாழினி சீப்பும் ரிப்பனுமாக வந்து, எழுதிக்கொண்டிருந்தவளிடமிருந்து இரண்டடி தள்ளி மரியாதையாக நின்றாள்.

“ஏனுங்க மைதிலீங்க, எங்கம்மா எப்ப வருவாங்க?”

“இந்தப் பக்கம் முடிஞ்சதும் வந்துருவாங்க கண்ணு.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு யாழினி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள்.