மேனேஜர் எழுந்து நின்றாள்: ஐந்தாவது வரைவு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் அக்கா போனில் என் தலையில் கட்டினாள்.

"ஊர்ல இருக்கிறவங்க கதையெல்லாம் எழுதுறியே, எங்க வீட்டுக் கதைய எழுதேன்."

ஏன் என்று கேட்டேன். மகளுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று முடிவானபோது, இதே வழியில் போன யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அவள் தேடித் தேடிப் படித்தாளாம்.

"ஒண்ணு, படிச்சா வயித்தக் கலக்குது. இல்லைனா கடைசி வரியில புள்ள எந்திரிச்சு ஓடுது. நடுவுல என்ன நடந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நீ அத எழுது. ஆனா என்னைத் தியாகி ஆக்காத. அவள தெய்வக் குழந்தை ஆக்காத. ரெண்டு பேரும் அப்படி இல்ல."

சரி என்றேன். நான் வேறு ஊரில் இருப்பவள். பெரும்பாலானதைக் காதால் கேட்டேன். ஒரே ஒரு வாரம் கூட இருந்து கண்ணால் பார்த்தேன். ஆகவே வாசகரே, இதில் என் ஊகங்களும் உண்டு. அவற்றையும் என் புலம்பல்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2

முதல் வரைவின் தொடக்கம்: 'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், சன்னலோரம் நின்ற தாயின் கண்களில்...'

"மழையே இல்லடி" என்றாள் அக்கா. "வெயில் மண்டையப் பொளந்துச்சு. சன்னலோரம் நிக்க எனக்கு ஏது நேரம்?"

இரண்டாம் வரைவு: 'மனித உடலில் இடுப்பு மூட்டு என்பது...'

இதை நானே நிறுத்திக்கொண்டேன். பாடப்புத்தக வாடை அடித்தது.

மூன்றாவதுதான் பிழைத்தது. அது இப்படித் தொடங்கியது: அக்கா ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க முட்டி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் கால்களுக்கு அளவு பார்த்து, பெட்டி பெட்டியாக எடுத்துக் காட்டுவது அவள் வேலை.

[கால் பற்றிய கதைக்குச் செருப்புக் கடை! எனக்கே கூச்சமாக இருந்தது. ரொட்டிக் கடை என்று மாற்றிப் பார்த்தேன். "அப்போ ஷூவ எப்படிடி கவனிச்சேன்?" என்றாள். மாற்றவில்லை.]

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவள் பெயர் மேனேஜர். பேச்சு வந்த நாளிலிருந்து, யார் எங்கே உட்கார வேண்டும், யார் எந்தத் துண்டை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் உத்தரவுப்படிதான் நடக்கும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். அத்தனை பேரை அதட்டி ஏற்றி இறக்குகிறவர், வீட்டில் மகள் சொன்ன இடத்தில் உட்காருவார்.

மேனேஜருக்குப் பள்ளி ஷூ சின்னதாகிவிட்டது. புது ஜோடி போட்டுப் பார்க்கப் பழையதைக் கழற்றிய அம்மா, அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. குதிகால் புதுசு போல இருந்தது.

"கொஞ்சம் நடந்து காட்டு."

மேனேஜர் நடந்தாள். இடது காலில் முன்பாதம் மட்டும்தான் தரையைத் தொட்டது. உடம்பு அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அது அவளுடைய துள்ளல் நடை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறார்கள்.

3

எக்ஸ்-ரேயைப் பார்த்த டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இடுப்பில் ஒரு கிண்ணம், அதில் தொடையெலும்பின் உருண்டையான தலை உட்கார வேண்டும். இவளுக்குப் பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லை. எலும்பு வெளியே நழுவிக் கிடக்கிறது. எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்து, கிண்ணத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். அப்புறம் மார்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "ஓடுறா, ஆடுறா, ஒரு நாள் வலின்னு சொன்னதில்ல. நல்லா இருக்கிற புள்ளைய எதுக்கும்மா அறுக்கணும்?"

"இப்ப வலிக்காதுங்க. பெரியவளானதும் மூட்டு தேஞ்சு வலிக்கும்னுதான டாக்டர் சொல்றாங்க. அன்னைக்கு 'தெரிஞ்சும் ஏன் விட்டீங்க'ன்னு கேட்டா நீங்க என்ன பதில் சொல்வீங்க?"

"ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"எனக்கும் அந்தப் பயந்தாங்க. பயந்துக்கிட்டே செய்வோம்."

மறுநாள் வேலை முடிந்து வந்த அப்பா, கட்டிலைப் பிரித்து முன்னறைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார். கட்டுப் போட்ட பிள்ளையை உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவருடைய சம்மதம்.

ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுகட்டிலில் படுத்திருந்த மேனேஜர் கேட்டாள்: "வலிக்குமா?"

"வலிக்காதுடா தங்கம்" என்றாள் அம்மா.

[நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். நானும்.]

4

கண் விழித்தபோது மார்பிலிருந்து இடது கணுக்கால் வரை கட்டு. வலது பக்கம் முட்டி வரை. கால்கள் அகல விரிந்தபடி, அசையாமலிருக்க நடுவே ஒரு குச்சி. மேனேஜர் வீறிட்டு அழுதாள். மருந்து கொடுத்தார்கள். அழுகை அடங்கியதும் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ போ. அப்பா வரட்டும்."

அது ஏதோ மயக்க மருந்தின் வேலை என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை.

நான் போய் இருந்த வாரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டின் நடுவே விட்டிருந்த இடைவெளியில் ஒரு சின்ன டயப்பரைச் செருகி, அதன் மேல் பெரியதைக் கட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கட்டு நனைந்து நாறும். படுத்த புண் வராமலிருக்க அடிக்கடி புரட்டிப் போட வேண்டும். உள்ளே அரித்தால் சொறிய முடியாது. முடி உலர்த்தும் கருவியைக் குளிர்காற்றில் வைத்து இடைவெளியில் ஊத வேண்டும். வெளியே தூக்கிப் போவதென்றால், பீரோவை வாசலில் சாய்த்து நுழைப்பதுபோல அப்பா அவளைச் சாய்த்து, "தலை பத்திரம், கால் பத்திரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியேற்றுவார்.

"அப்பா, ரைட்ல திரும்பு. பஸ்ஸே ஓட்டுற, என்னை ஓட்டத் தெரியல?" என்பாள் மேனேஜர்.

அப்பாவிடம் சிரிப்பு. என்னிடம் அதிகாரம். அம்மாவிடம் மட்டும் ஒரு வறட்டு மரியாதை. "சித்தி, அவங்களுக்குத் தலையணை வைக்கத் தெரியாது. நீ வை." 'அவங்க' என்ற அந்தச் சொல் விழும்போதெல்லாம் அக்கா டயப்பரை இன்னும் கவனமாக மடிப்பாள்.

முந்தைய வரைவில் இந்த இடத்தில் 'அந்தத் தாய் ஒருபோதும் பொறுமை இழக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். அக்கா சிரித்தாள்.

"பொய். ஒரு நாள் காலையில விரிப்ப மாத்தி மாத்தி எனக்குக் கை விட்டுப் போச்சு. கடைசியா ஒண்ண விரிச்சு முடிக்கல, 'தப்பா பண்ற'ங்கிறா. ஈர விரிப்ப அப்படியே சுவத்துல விட்டெறிஞ்சேன். சமையக்கட்டுல போய்க் கத்தினேன். எழுது அத."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்ப வந்து மாத்தினேன். வேற யார் மாத்துவா?"

5

கட்டைப் பிரிக்கும் நாளைத்தான் விடுதலை நாள் என்று வீடே காத்திருந்தது. கதைக்காரியான நானும்தான், அதோடு மேளம் கொட்டி முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

பிரிக்கும் ரம்பத்தின் இரைச்சலுக்கே மேனேஜர் தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளேயிருந்து வந்த கால் குச்சியாக, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கட்டைத் திரும்பப் போடு."

பிசியோதெரபி தம்பி உரத்த குரல்காரர், நல்லவர். வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துக் காலை மடக்கச் சொன்னார். பிறகு வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னார். தொட்டி வரைக்கும் சரி. நிற்க வைத்தால் மட்டும் இரண்டு காலையும் மடித்துக்கொண்டு தொங்குவாள். சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பொம்மை வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து எதிரே ஆட விட்டார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

"எலும்பு நல்லா சேந்திருச்சுக்கா. பாரம் தாங்கும்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார் பிசியோ தம்பி. "இதுக்கு மேல தள்ளிப் போட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அன்று வீட்டில் அம்மா அவளை அக்குளில் பிடித்து மெல்ல இறக்கினாள். வாய் தன்னால் சொன்னது: "கொஞ்சூண்டுதான். வலிக்காது."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன" என்றாள் மேனேஜர்.

6

[மூன்றாம், நான்காம் வரைவுகளில் இந்த இடத்தில் நான் தடுக்கி விழுந்தேன். அம்மாவுக்கு ஒரு நீளமான வசனம் எழுதினேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இவ்ளோ பேசினா புள்ள தூங்கிருக்கும்" என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.]

அம்மா மகளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா. பொய் சொன்னேன்."

மேனேஜர் எதிர்பார்க்கவில்லை. "ஏன்?"

"நீ பயந்துடுவேன்னு. எனக்கும் பயமா இருந்துச்சு."

"இப்ப நின்னா வலிக்குமா?"

"வலிக்கும்."

"எவ்ளோ?"

"தெரியாது. உன் கால்தான, நீதான் சொல்லணும். நீ நிறுத்துன்னு சொன்னா நான் நிறுத்திடுவேன்."

"உடனேயா?"

"உடனே."

மேனேஜர் இதை நம்பவில்லை. நல்ல மேனேஜர் யாரும் நம்பமாட்டார்கள். புது ஆளை எடுத்தால் சோதித்துப் பார்ப்பதுபோலச் சோதித்தாள். பாதம் தரையைத் தொடும் முன்பே "நிறுத்து." அம்மா நிறுத்தினாள். தூக்கியவுடனே "நிறுத்து." நிறுத்தினாள். கையை நீட்டும்போதே "நிறுத்து." நீட்டிய கையை அம்மா மடக்கிக்கொண்டாள். மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாளும்.

"இப்படி விட்டுக்கொடுத்துட்டே போனா எப்படிக்கா?" என்றார் பிசியோ தம்பி. "கொஞ்சம் அழுதாலும் பரவால்ல."

"அழட்டும் தம்பி, நான் பாத்துக்கறேன். ஆனா அவ நிறுத்துன்னா நிறுத்தணும். வாக்குக் குடுத்திருக்கேன்."

"நாளாகுதுக்கா."

"தெரியும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவளுக்கு அது தெரியும். மூட்டு இறுகிக்கொண்டிருக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் அந்தக் காலையே பார்ப்பாள். கடையில் லீவு முடிந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். யாரோ ஒரு குழந்தையின் பாதத்தைக் கையில் எடுத்து அளவு பார்க்கும்போது அதன் கனத்தை நினைத்துக்கொண்டே வீடு திரும்புவாள். திரும்பியதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலுக்குப் போவாள். "நிக்கலாமா?" "நிறுத்து." "சரி." மறுபடி, கொஞ்ச நேரம் கழித்து: "நிக்கலாமா?"

கேட்பதை மட்டும் அவள் ஒரு நாளும் விடவில்லை.

7

நான்காம் வரைவில் இது இப்படி இருந்தது: 'அறையெங்கும் பொன்னொளி பரவ, அந்தப் பிஞ்சுப் பாதம்...'

"டிவி ஓடிட்டிருந்துச்சு" என்றாள் அக்கா. "அவர் டூட்டிக்குக் கிளம்பிட்டிருந்தாரு. சட்டைக்குப் பட்டன் போட்டுட்டிருந்தாரு."

அம்மா கேட்டாள், நிக்கலாமா என்று. மேனேஜர் பதில் சொல்லாமல் கையை நீட்டினாள். அம்மா அக்குளில் பிடித்து இறக்கினாள். வலது பாதம் தரையில் பட்டது. பிறகு இடது பாதம்: முன்பாதம், அப்புறம் மெல்ல மெல்லக் குதிகால். அம்மா அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. மேனேஜரின் முகம் சிவந்து உதடு துடித்தது. வாக்கரை இறுகப் பிடித்திருந்தாள். [அன்று வலி குறைந்திருக்க வேண்டும். அதனால்தான் நின்றிருப்பாள்.]

"டிவிய ஆஃப் பண்ணுப்பா" என்றாள், நின்றபடியே.

அப்பா அணைத்தார். அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு "போதும், பிஸ்கட்" என்றாள். அம்மா உட்கார வைத்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். அப்பா "டூட்டிக்கு நேரமாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கி, செருப்பு போடாதது உறைக்க, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கட்டிப்பிடித்துக் கதறவில்லை.

8

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

ஒன்று, அவள் ஓடுகிறாள். இதற்கு அக்காவின் தடை உத்தரவு இருக்கிறது. இரண்டு, கிண்ணம் சரியாக வளராமல் மறுபடி ஆபரேஷன். மூன்று, சாய்வு கொஞ்சம் நிலைத்துவிடுகிறது. அவள் அப்படியே வளர்ந்து, யார் யாரையோ அதட்டி வேலை வாங்கி, நன்றாக வாழ்கிறாள்.

உண்மை நிலவரம்: வாக்கர் போய், சுவரைப் பிடித்து, இப்போது சும்மா நடக்கிறாள். பள்ளிக்குப் போகிறாள். சாய்வு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. தகட்டை எடுக்க இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கிண்ணம் எப்படி வளர்ந்திருக்கிறது என்று அடுத்த எக்ஸ்-ரேதான் சொல்லும். "இன்னும் ஆபரேஷன் இருக்கா?" என்று மகள் கேட்டாளாம். "ஒண்ணு கண்டிப்பா இருக்கு. அதுக்கு மேல இருக்கலாம், தெரியல" என்றாளாம் அம்மா.

இவ்வளவும் எழுதி, நேற்று போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாது. ஏழாம் பகுதி முடிந்ததும் ஒரு குரல் குறுக்கே வந்தது.

"சித்தி, தப்பா எழுதியிருக்க."

"எங்கடா?"

"வலி குறைஞ்சிருச்சுன்னு எழுதியிருக்க. குறையல. அன்னைக்குத்தான் ரொம்ப வலிச்சுச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்துன்னு சொல்லல?"

"சொன்னா அம்மா நிறுத்திடுவாங்கல்ல" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

அக்காவுக்கும் அது புதுச் செய்தி.

"எழுதிக்கோடி" என்றாள் கடைசியில்.

எழுதிவிட்டேன். அந்த அடைப்புக்குறியை அழிக்கவில்லை. என் ஊகம் எவ்வளவு தப்பு என்று நீங்களும் பாருங்கள். மூன்று முடிவுகளில் எதையும் நான் எடுக்கப்போவதில்லை. அடுத்த எக்ஸ்-ரே எடுக்கும் முன் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அக்கா தேடியதுபோல ஏதோ தேடி, ஓர் ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், மீதியை எனக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்களை உள்ளே கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

போய்விட்டு வாருங்கள்.