பானெட்டில் ஒரு பள்ளம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாங்காய் ஏற்றிப்போன வண்டியில் நானும் இருந்தேன். ஓட்டியவன் என் அக்கா மகன் சுதீர். சந்திரகிரி காட்டு வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் மனைவி தரணிக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தான்.

“ரோட்டப் பாருடா. என் உசுரும் இந்த வண்டிலதான் கீது.”

“பாத்துக்கினுதான் கீறேன் மாமா. ஒரே வரி.”

அந்த ஒரு வரி முடிவதற்குள் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, பின்சக்கரம் சுற்றியது, ரப்பர் கருகும் வாசனைகூட வந்தது. வண்டி மட்டும் நகரவில்லை.

“பிரேக் போட்டியா?”

“இல்லியே மாமா” என்று சுதீர் தலையை நிமிர்த்தினான்.

கண்ணாடி முழுக்க யானை. பானெட்டில் நெற்றியை வைத்து வண்டியைத் தடுத்து நின்றது. அதன் முன்கால்களுக்கு நடுவே, பம்பரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டி எங்களை வேடிக்கை பார்த்தது.

சுதீர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கும்பிட்டான். குட்டி சாலையைக் கடக்கும்வரை தாய் நெற்றியை எடுக்கவில்லை. போகும்போது ஒரு கூடை மாங்காயைத் தூக்கிக்கொண்டது. நியாயம்தான்.

“இந்தப் போன நீயே வெச்சுக்க மாமா” என்றான் சுதீர். திருப்பதி வரை அது என் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். மழை பெய்தால் அந்தப் பானெட் பள்ளத்தில் சிட்டுக்குருவிகள் குளிக்கின்றன.