வசந்தகுமாரின் குறைப் பட்டியல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் மனோஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வரட்டுமே. நாற்பத்தொரு வயதில் ஒருத்தி விண்வெளிப் போர்க் கதை படித்தால், லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் “பையனுக்கு வாங்கினீங்களா?” என்று கேட்டால், யாருக்குத்தான் வராது? எனக்குப் பையனே கிடையாது. காலேஜுக்குப் போகிற ஒரு பெண்தான். அவள் இந்தப் புத்தகங்களை விரலால்கூடத் தொடமாட்டாள்.

தொடரின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘விளிம்புப் படை’ என்று வரும். பதினொரு புத்தகங்கள், எல்லாம் ஆங்கிலம். ஒரு பழைய போர்க்கப்பல், அதில் முந்நூறு பேர், எதிரே எட்டுக் கைகள் கொண்ட பகைவர்கள். மூன்று தடவை முழுசாகப் படித்திருக்கிறேன். என் ஆபீஸ் இருக்கிற ஹிஞ்சேவாடியின் டிராஃபிக்கை எல்லாரும் திட்டுவார்கள், நான் திட்டமாட்டேன். எங்கள் வீடு இருக்கிற சாங்வியில் கேப் ஏறினால் ஆபீஸ் வாசலில் இறங்குவதற்குள் ஒரு கிரகத்தைப் பிடித்துவிடலாம்.

குறை ஒன்றே ஒன்றுதான். இவ்வளவு பெரிய பூனாவில் இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் இல்லை. மனோஜுக்குத் தளேகாவில் வேலை. ரயிலில் படிக்கிறேன் என்று முதல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் பக்கத்தில் தூங்கி, தளேகாவைத் தாண்டி லோணாவ்ளாவில் போய் எழுந்தார். அதோடு சரி. ஏழாவது புத்தகத்தில் சார்ஜென்ட் மாரெக் சாகும் இடத்தை நான் முதல் தடவை படித்தது கேபில்தான். தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரீனா, ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து மனோஜுக்கே போன் போட்டுவிட்டாள். அன்று முழுக்க மனோஜ், “காரியம் எப்பங்க? நான் லீவு போடோணுமா?” என்று கேட்டே என் உயிரை எடுத்தார்.

அப்படி இருந்தவளுக்குத்தான் மேல்மாடி வசந்தகுமார் அண்ணன் கிடைத்தார். கிடைத்தார் என்று சொல்வதா, மாட்டினேன் என்று சொல்வதா, தெரியவில்லை.

அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து பூனா வந்த குடும்பம். தாத்தா, அப்பா, இவர், மூன்று தலைமுறையும் ராணுவத்துக்குக் குண்டு செய்கிற தொழிற்சாலையில்தான். இவர் அங்கே எக்ஸாமினர். செய்து முடித்த குண்டுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. இருபத்தேழு வருடமாக அதே வேலை. ஒருநாள் லிஃப்டில் என் கையிலிருந்த முதல் புத்தகத்தின் அட்டையை உற்றுப் பார்த்தார்.

“அரே, இந்த பீரங்கி சுடாதும்மா. குழாய் இவ்ளோ ஒல்லியா இருந்தா ஒரே குண்டுல கிழிஞ்சிடும்.”

எனக்குச் சுருக்கென்றது. “அட்டையப் பாத்துப் பேசாதீங்ணா. உள்ளே படிச்சுப்போட்டு அப்புறம் சொல்லுங்க,” என்று அங்கேயே அதை அவர் கையில் திணித்தேன்.

கதைப் புத்தகம் என்று அவர் வாழ்நாளில் ஒன்றுகூடப் படித்ததில்லையாம். ஆங்கிலத்தில் படித்ததெல்லாம் தொழிற்சாலை விதிமுறைகள்தான். ஆனாலும் பத்தே நாளில் திருப்பித் தந்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். கோடு போட்டுக் கட்டம் பிரித்து, வரிசை எண், பக்கம், குறை, நடவடிக்கை என்று தலைப்பு எழுதி, அச்சு மாதிரிக் கையெழுத்தில் ஒரு பட்டியல்.

பக்கம் 41: வெடிமருந்து அறையில் சிப்பாய் புகை பிடிக்கிறான். உடனடி சஸ்பென்ஷன். பக்கம் 88: குண்டுப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் இடைவெளி இல்லை. மறுபடி அடுக்கவும். பக்கம் 130: கேப்டன் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே போகிறார். பதவி பார்க்க வேண்டாம், வெளியே அனுப்பவும். பக்கம் 203: இரண்டு மணி நேரத்தில் நாற்பதாயிரம் குண்டுகள் ஏற்றியதாகச் சொல்லப்படுகிறது. நம்பும்படி இல்லை; கேட் பாஸ் எழுதவே மூன்று நாள் ஆகும்.

மொத்தம் முப்பத்தாறு குறைகள். கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்து வேறு.

“ஏனுங்ணா, எட்டுக் கை வெச்சவன் வந்து ஒரு கிரகத்தையே முழுங்கறானே, அதுக்கு ஒரு குறையுங் காணமே?” என்றேன்.

“அது நம்ம செக்ஷன் இல்லம்மா,” என்றார். “ரெண்டாவது இருக்குதா?”

இரண்டாவதும் போனது, பட்டியலோடு வந்தது. மூன்றாவதும் அப்படியே. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. நல்லா இருக்கு, அவ்வளவுதான். முதலிரவில் புதுமாப்பிள்ளைகூட அப்படிக் காத்திருக்க மாட்டான், நான் காத்திருந்தேன். ஆறு புத்தகம், ஆறு பட்டியல். மாரெக்கைப் பற்றி ஒரு வரி உண்டா? ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் பீரங்கியைத் தட்டிக்கொடுத்து, “ராத்திரி நல்லாத் தூங்கினியா கண்ணு?” என்று கேட்கிறவன் அவன். அவனைப் பிடிக்காதவர்கள் உண்டா? இவர் எழுதியிருந்தார்: பீரங்கியை வெறுங்கையால் தொடுகிறான்; கையுறை வழங்கவும்.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. மாடிப்படியிலேயே கேட்டுவிட்டேன். “புடிக்கலீன்னா எதுக்குங்ணா படிக்கறீங்க? உங்க கழுத்துல யாராச்சும் கத்தி வெச்சாங்களா?”

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “புடிக்கலன்னு எங்கம்மா எழுதியிருக்கேன்?”

ஏழாவதைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே உள்ளுக்குள் ஒரு கறுவல். படியுங்கள், படியுங்கள், முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வரட்டும். அங்கே மாரெக்கின் பீரங்கிக் குழாய்க்குள்ளேயே குண்டு வெடித்துவிடும். குண்டின் மூக்கில் இருந்து அதை வெடிக்க வைக்கிற ஃபியூஸ் சரியில்லை, வெளியே போய் வெடிக்க வேண்டியது உள்ளேயே வெடிக்கிறது. கல்லும் கரையும் இடம் அது. அங்கேயும் இந்த மனுஷர் கட்டம் போட்டுக் குறை எழுதினால், அதோடு புத்தகமும் கிடையாது, பேச்சும் கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன்.

பத்து நாள் ஆனது. புத்தகம் வரவில்லை. பதினைந்து நாள் ஆனது. வாசலில் கண்டால் நல்ல மாதிரிப் பேசுகிறவர், தலையைக் குனிந்துகொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மேலே போனேன். எட்டாவது புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். கொடுப்பதா வேண்டாமா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் மனைவி பவுன் அக்காதான் கதவைத் திறந்தார். “வா கோதை. நீ குட்த்த புக்கு என்னா புக்கோ, ஒரு வாரமா ஆளு சரியா சோறே துன்றதில்ல. கூப்ட்டா காதுல விழறதில்ல. போய்ப் பாரு, பால்கனில குத்துக்கல்லாட்டம் குந்திகினு இருக்காரு.”

எனக்கு ஒரே சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒருத்தர் சோறு தின்னவில்லை என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மாட்டினாரா? மாரெக் யாரை விட்டான்?

பால்கனியில் அவர் மடியில் புத்தகம் இருந்தது. பட்டியலும் இருந்தது. கட்டங்கள் போட்டிருந்தார், ஆனால் ஒரே ஒரு வரிதான். பக்கம் 318, ஃபியூஸ். நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருந்தது.

“அழுதீங்களாங்ணா?” என்று கேட்டேன். குரலில் வெற்றி தெரிந்திருக்கும்.

“மாரெக் நல்ல பையன்மா,” என்றார். “வருத்தமாத்தான் இருக்குது.” அப்புறம் என் கையிலிருந்த எட்டாவது புத்தகத்தைப் பார்த்தார். “இதுல அவன் வர்றானா?”

“செத்துப் போனவன் எப்படிங்ணா வருவான்? முதல் பக்கத்துலயே அடக்கம்.”

“மாரெக் இல்லம்மா. அந்தக் குண்டு லாட்டைப் பாஸ் பண்ணவன்.”

எனக்குப் புரியவில்லை. “எவனுங்ணா?”

“அந்த ஃபியூஸு தானா நடந்து கப்பல்ல ஏறிச்சா? எவனோ ஒருத்தன் கையில புட்ச்சுப் பாத்து, டீக் ஹை, சரியா இருக்குதுன்னு கையெழுத்து போட்டுத்தானே அனுப்பியிருப்பான்? அவனுக்குச் சொன்னாங்களா இல்லியா? அவன் பேரு இன்னா? நானும் இந்தப் பக்கத்தை நாப்பது தபா படிச்சிட்டேன், கெடைக்கல.”

பதினொரு புத்தகத்தையும் மூன்று தடவை படித்தவள் நான். எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படி ஒருவன் இருந்திருப்பான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வருகிறான் என்று பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

“எதுலயும் வரலீங்ணா,” என்றேன். “கடைசி வரைக்கும் அவனைப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது.”

அவர் தலையாட்டினார்.

“நானும் இருபத்தேழு வருஷமா கையெழுத்து போடறேன் கோதை. எந்தக் குண்டு எங்க போச்சு, யாரு சுட்டாங்க, இன்னா ஆச்சு, எதுவும் தெரியாது. வேன்ல ஏத்துவாங்க, கேட்டு மூடிடும். நல்லாத்தான் போயிருக்கும்னு நெனச்சிகினு வீட்டுக்கு வந்துடுவேன்.” கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். “இதுக்கு நடவடிக்கைன்னு இன்னா எழுதறதுன்னு தெரியலம்மா. அதான் புக்கைக் குடுக்கல.”

என் கறுவல், வெற்றி எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக மாரெக்குக்காக என்னோடு அழ ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். ஆள் கிடைத்தார், அழுகை வேறு ஒருவனுக்கு. எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. எட்டாவது புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். அவர் ஏழாவதைத் திருப்பித் தராமலே அதையும் வாங்கிக்கொண்டார்.

டீயோடு வந்த பவுன் அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“அடச்சீ! இல்லாத ஊருக்காரன், எவனோ எழுதின சண்டையில செத்துப் போனான். அவனுக்கு நீங்க ரெண்டு பேரும் சாங்வியில குந்திகினு ஒப்பாரி வெக்கறீங்களா?”

“செத்தவனுக்கு இல்லீங்க்கா,” என்றேன். “கையெழுத்துப் போட்டவன் ஒண்ணுந் தெரியாம மறுநாளும் வேலைக்குப் போனானே, அவனுக்கு.”