வெயில் தெளிக்கும் அறை

1

இந்தக் கதை எனக்குத் துணி காயப்போடும் கொடியிலிருந்து கிடைத்தது. பக்கத்து வீட்டு அட்ராக்டா துவைத்துப் போட்டிருந்த படுக்கை விரிப்புகள் அத்தனையும் பழுப்பாக இருந்தன. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"என்னங்க, வீட்டுக்குள்ள டீக்கடை போட்டிருக்கீங்களா?"

"டீக்கடை இல்ல. வெயில் கடை."

அயர்லாந்தில், எங்கள் காசில்ரே ஊரில், வெயிலைக் கடையில்தான் வாங்கவேண்டும். கல்யாணம், பள்ளிக்கூடத்துக் கடைசி விருந்து, நடனப் போட்டி, எது வந்தாலும் பெண்கள் உடம்பு முழுக்கப் பழுப்பு நிறம் தெளித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஸ்ப்ரே டேன் என்று பெயர். (முகம் வெளுக்க என் பெரியம்மா பூசாத மாவு கிடையாது. இங்கே காசு கொடுத்துக் கறுத்துக்கொள்கிறார்கள் என்று போனில் சொன்னேன். "அடி போடி, கதை விடாதே" என்று வைத்துவிட்டாள்.)

"அந்த ஊரில் சூரியன் ஒரு விருந்தாளி, எப்போது வருவான், எப்போது" —

இந்த வாக்கியத்தை இதற்குமேல் எழுதவில்லை. இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

2

வேறு தொடக்கம்: அட்ராக்டா அறையை அளந்தாள்.

இது தேவலை. அட்ராக்டா வேலை பார்த்த அழகு நிலையத்தை மூடிவிட்டார்கள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தெரிந்த தொழிலை வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு மோட்டார், ஒரு தெளிப்பான், மடக்கினால் பைக்குள் போகிற ஒரு கூடாரம், இவற்றை வாங்கினாள். வருகிறவள் கூடாரத்துக்குள் காகித ஜட்டியோடு நிற்பாள். இவள் வெளியே நின்று தெளிப்பாள்.

கூடாரத்தை எங்கே போடுவது? சமையலறையில் வெண்ணெய்கூடப் பழுப்பாகிவிட்டது. தோட்டத்துக் கொட்டகையில் குளிர். அந்தக் குளிரில் துணியைக் கழற்ற எவளும் சம்மதிக்கவில்லை. மிச்சம் இருந்தது மாடியில் மகள் க்ளோடாவின் அறை மட்டும்தான். க்ளோடா நர்ஸ். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறாள். இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கேதான்.

அட்ராக்டா மூன்று வாரம் அந்த அறை வாசலில் நின்று நின்று திரும்பினாள். பிறகு ஒருநாள் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்தாள். பிளாஸ்டிக் தாள் சுற்றினாள். கம்பளத்தின்மேல் பழைய விரிப்புகளைப் போட்டாள். ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்தினாள். கடை தயார். ஆனால் சாயங்காலமானால் கூடாரத்தை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, கட்டிலை இறக்கி, சலவை விரிப்புப் போட்டுத் தலையணையைத் தட்டி வைப்பாள். காலையில் மறுபடி நிமிர்த்துவாள்.

3

இந்த இடத்தில் எனக்கு அட்ராக்டாவின்மேல் சந்தேகம் வந்தது. முட்டிவலிக்காரி ஒருத்தி தினமும் கட்டிலைத் தூக்கி இறக்குவாளா? முதல் பிரதியில் கட்டிலையே எடுத்துவிட்டேன். எடுத்ததும் அவள் வெறும் கடைக்காரியாகிவிட்டாள். ஐயோ என்று திருப்பிப் போட்டேன். சாட்சி வேண்டுமென்றால் அவளுடைய சிநேகிதி கொன்செப்டா இருக்கிறாள். அவள் கூடாரத்துக்குள் நின்று பேசியது இது:

"வயித்து மடிப்புக்குள்ளயும் அடிடி. போன தடவ குனிஞ்சா நிமிந்தா வரிக்குதிர மாதிரி இருந்தேன்."

"சிரிக்காம நில்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆமா, தினம் கட்டில விரிக்கிறியாமே? யாரு வர்றாங்க, பிஷப்பா?"

"வாய மூடு. மூக்குக்குள்ள போயிடும்."

கொன்செப்டா வாயை மூடிக்கொண்டாள். அவள் வீட்டிலும் ஒரு காலிக் கட்டில் உண்டு.

4

க்ளோடா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அட்ராக்டா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவாள். அறை கடையானதை அவள் சொல்லவில்லை. சொன்னால் 'உனக்கு இங்கே இடமில்லை' என்று ஆகிவிடுமோ என்ற பயம். மகள் திரும்பி வந்து இங்கேயே இருந்துவிட வேண்டும். அட்ராக்டாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் 'போகாதே' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. டீக்கு வெந்நீர் வைக்கக் கெட்டிலைத்தான் போடுவார்கள்.

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு க்ளோடா வந்தாள். கார் கதவு திறந்தபோது அட்ராக்டாவுக்குத் திக்கென்றது. பெர்த்திலிருந்து வருகிற பிள்ளைகள் வெயிலில் பழுப்பேறி வந்து இறங்குவார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். இவள் போனபோது இருந்ததைவிட வெளுத்திருந்தாள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் அவளுக்கும் வித்தியாசமில்லை.

"நைட் டியூட்டிம்மா. பகல்ல தூக்கம். அங்க வெயில் இருக்குன்னு சொல்றாங்க, நான் பாத்ததில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாடிக்குப் போனவள், விளக்கு சுவிட்சைச் சுற்றியிருந்த பழுப்பு விரல் தடங்களைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா! என் ரூம்ல என்ன பண்ணி வச்சிருக்க?"

"அது வந்து கண்ணு... பகல்ல மட்டுந்தான்... உன் கட்டில் அப்படியே இருக்கு, பாரு..."

க்ளோடா கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து கூடாரத்தைத் தானே வெளியே இழுத்தாள்.

"நல்லதாப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு அடிச்சு விட்டுடு. யாரும் பாக்கறதுக்குள்ள."

5

(இங்கே கல்யாண வீட்டு வர்ணனை ஒரு பக்கம் இருந்தது. தொப்பிகள், சாண்ட்விச், பாதிரியாரின் நகைச்சுவை. நன்றாகத்தான் இருந்தது. கூடாரத்துக்குள் ஒருத்தி நடுங்கிக்கொண்டு நிற்கும்போது நமக்கெதற்குத் தொப்பி?)

6

உள்ளங்கையிலும் முழங்கையிலும் பாதத்திலும் நிறம் பிடிக்காமலிருக்க அட்ராக்டா க்ரீம் தடவினாள். சின்ன வயதில் குளிப்பாட்டியதற்குப் பிறகு இப்போதுதான் மகளின் பாதத்தைத் தொடுகிறாள். விலா எலும்புகள் தெரிந்தன. பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

"அப்படியே வெள்ளையாப் போனா என்னடி இப்ப? நல்லாத்தானே இருக்க."

"வேணாம்மா. 'என்னடி இப்படி வெளுத்துட்ட, அங்க சரியில்லையா'ன்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும்."

"கேட்டா அழுதுடுவேன்மா. அழுதுட்டேன்னா அப்புறம் திரும்பிப் போகவே மாட்டேன்."

அட்ராக்டா க்ரீம் டப்பாவை மூடி வைத்தாள்.

"போகணுமா உனக்கு?"

"தெரியல. அதான் அடிக்கச் சொல்றேன்."

மோட்டார் உறுமியது. "முகத்துக்கு அடிக்கப்போறேன். கண்ண மூடி மூச்சப் பிடிச்சுக்கோ" என்றாள் அட்ராக்டா. வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதுதான்.

7

முடிவுகள்.

அ. தெளிக்கிறாள். கைதேர்ந்த வேலை, ஒரு திட்டுக்கூட இல்லை. "பெர்த் வெயில்னா பெர்த் வெயில்தாண்டி!" என்று கொன்செப்டா கன்னத்தைக் கிள்ளுகிறாள். க்ளோடா அழவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறுகிறாள், அம்மா கையால் பூசிய வெயிலோடு. (இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டேன்.)

ஆ. "மோட்டார் போச்சுடி" என்று பிளக்கைப் பிடுங்குகிறாள். மகள் வெளுத்தபடியே கல்யாணத்துக்குப் போகிறாள், அழுகிறாள், இருந்துவிடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் இருந்துவிட்ட மகளிடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் டீ குடிப்பது?

இ. தெளிக்கிறாள். வாசலிலிருந்து காருக்குப் போவதற்குள் மழை வந்து நிறத்தைக் கோடுகோடாக —

சீ. பழியை மழையின் தலையில் போட்டு நழுவப் பார்க்கிறேன்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீடாயிற்றே. சொல்லமாட்டேன். போனாள் என்றால் அம்மாவைப் பாவம் என்பீர்கள். இருந்தாள் என்றால் மகளைப் பாவம் என்பீர்கள். இரண்டையும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எனக்கும் ஓர் அம்மா போனில் இருக்கிறாள். நன்றாயிருக்கிறேன் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஆகவே தெளிப்பான் இனி உங்கள் கையில். உங்கள் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள் என்று ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு அழுத்துங்கள், அல்லது கையை இறக்குங்கள். எதுவானாலும் சீக்கிரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம்தான் நிற்பாள்?