ஜெபத்துக்கு நடுவே ஏறிய முள்

பெரியவர் வியாகுலம் வீட்டுக் காரில் ஒரு சட்டம் உண்டு. தொப்பூர் கணவாய் ஏறும்போது ஜெபமாலை சொல்ல வேண்டும். கடைசி மணி உருளும்வரை யாரும் வேறு பேச்சுப் பேசக் கூடாது. அங்கே லாரிகள் கவிழ்ந்து கிடக்கிற கோலத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மாதாவை அத்தனை முறை கூப்பிடுகிற மனிதர், ரேடியேட்டரையும் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

கார் இருபது வயசுக் கிழடு. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவே பத்தாது என்று அதற்கு எப்போதும் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்துப்போயிருந்தது. "மாத்திடுங்க, இல்லேன்னா நடு ரோட்டுல வுட்டுடும்" என்று சொல்லிச் சொல்லி மெக்கானிக் காஜாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "சூடு காட்டுற முள்ளு ஏறுச்சுன்னா உடனே ஹீட்டரைப் போட்டு, ஓரங்கட்டி நிறுத்துங்க, இன்ஜின் சூட்டை அது இழுத்துக்கும்" என்று ஒரு வழியாவது சொல்லி வைத்திருந்தார்.

இன்றைக்கு இந்தக் கிழட்டை நம்பித்தான் மருமகள் இசபெல்லாவின் பிழைப்பு இருந்தது. நர்ஸ் படித்துவிட்டு, கல்யாணமாகி, அடுப்படியே கதி என்று கிடந்தவளுக்கு அரசாங்க வேலை வந்திருந்தது. சாயங்காலத்துக்குள் தருமபுரி ஆபீசுக்குப் போய் வேலையில் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காலையிலேயே பஸ்ஸில் போகிறேன் என்றாள். "நல்ல காரியத்துக்குப் பஸ்ஸுலயா? நானே கொண்டு போய் வுடறேன்" என்றான் புருஷன் அமலன். கோவிலில் மெழுகுவர்த்தி, வீட்டில் சாப்பாடு, அப்புறம் மாமனாரின் தூக்கம் என்று எல்லாம் முடிந்து மத்தியானம் தாண்டித்தான் வண்டி கிளம்பியது.

கணவாய் ஏறத் தொடங்கியதும் வியாகுலம் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைக் கையில் எடுத்தார். லாரிப் புகைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்கள். ஏசி போய் எத்தனையோ காலமாயிற்று. பின் சீட்டில் சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு இசபெல்லா வேர்த்து வடிந்தாள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. "அருள் நிறைந்த மரியே" என்று அவர் தொடங்க, மற்ற இருவரும் முடித்தார்கள்.

மாலையின் ஐந்து பத்து மணிகளில் இரண்டாம் பத்து உருளும்போது அவள் முள்ளைப் பார்த்தாள். பாதியைத் தாண்டியிருந்தது. மூன்றாம் பத்தில் சிவப்பை நெருங்கியது. சொல்லவா? போன மாசம் நடுவில் இருமினதற்கே மாமனார் முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்றைக்குப் பேசினால், "வேலைக்குப் போற திமிரு, மாதாவையே நிறுத்துறா" என்பார். வாய் ஜெபம் சொன்னது. மனசு அந்த முள்ளைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஹீட்டரைப் போடுவான் என்று அமலனின் கையையே பார்த்தாள். அது ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. அப்பனுக்குப் பயந்த பிள்ளை, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் பத்து முடியவில்லை. முன்னால் புஸ்ஸென்று ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. அமலன் வண்டியை ஓரத்துக்கு இழுத்து நிறுத்தினான்.

வியாகுலம் கண்ணைத் திறந்து நேரே பின்னால்தான் திரும்பினார். "முள்ளு ஏறுறது தெரியல? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

அவர் செம்பும் கையுமாக இறங்கி, தண்ணீர் கேட்கப் பக்கத்தில் இருந்த ஓட்டலைப் பார்த்து நடந்தார். காருக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள்.

"நான் பாத்தேங்க. மாமாவுக்குப் பயந்துட்டு சொல்லல" என்றாள்.

அமலன் துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்களுந்தான் பயந்துட்டீங்க, இல்ல?"

அவன் திரும்பாமலே, "அப்பாவுக்கு எவன் பயந்தான்?" என்றான். சாவியை உருவிக்கொண்டே, "நீ பாக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். நின்னா நிக்கட்டும்னு இருந்துச்சு. நீ போயிட்டா வூடு என்னாத்துக்கு ஆவும், சொல்லு?" என்றான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அவள் இத்தனை நாளும் மாமனாரைத்தான் பூசாரி என்று நினைத்திருந்தாள். கொதித்த காரைவிட அந்த மெல்லிய குரல்தான் அவளை அதிகமாய்ச் சுட்டது.

பையோடு கதவைத் திறந்து இறங்கி, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டினாள். இரண்டு பஸ்கள் நிற்காமல் போயின. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக் கேலி செய்தான். கை வலிக்கிற வரை நீட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் காலி தக்காளிப் பெட்டி ஏற்றிய ஒரு மினி லாரி, மேட்டில் திணறியபடியே நின்றது. உள்ளே டிரைவரும் அவர் சம்சாரமும் இருந்தார்கள். "எங்கம்மா போவணும்?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

அமலன் ஓடி வந்தான். "ஏய், இரு! வண்டி ஆறிடும். ஆறுனதும் நானே கொண்டு போய் வுடறேன்."

இசபெல்லா ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறட்டுங்க. ஆறுனதும் மாமாவை ஏத்திக்கிட்டு வூட்டுக்குப் போங்க. ராத்திரிக்கு அரிசியை நீங்களே களைஞ்சு வெச்சிருங்க."