மியோட்ராக் விற்ற கார்டு

என் புருஷனை நீதிமன்றத்தில் வைத்துக் கழற்றிவிட நாற்பது நிமிஷம்தான் ஆயிற்று. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற மியோட்ராக்கைக் கழற்றிவிட இந்த நாட்டில் நீதிமன்றமே கிடையாது. அவன் என் கூம். கல்யாணச் சாட்சிக்கு எங்களிடம் அதுதான் பெயர். நான் அவனைக் கூமே என்று கூப்பிடுவேன், அவன் என்னைக் கூமா என்பான். கூடப் பிறந்தவனோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூமின் பேச்சைத் தட்டினாள் என்று பெயர் வாங்கிவிட்டால் நீஷ் நகரத்தில் ஒருத்தன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். புருஷன் போய்விட்டான், அவன் கூட்டிக்கொண்டு வந்த கூம் மட்டும் தங்கிவிட்டான். பத்தொன்பது வருஷமாக எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நான் பிசெர்கா. வயது நாற்பத்தாறு. நகரப் பேருந்து ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்தால் கணினியில் ஆட்களைச் சுடுவேன். சிரிக்க வேண்டாம். எட்டு மணி நேரம், திறந்த கதவில் நின்றுகொண்டு ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஜனங்களைப் பொறுத்துக்கொண்டவள் சாயங்காலம் யாரையாவது சுடாமல் இருந்தால்தான் ஊருக்கு ஆபத்து. நாங்கள் நான்கு பெண்கள் ஓர் அணி. எங்கள் தலைவி ஸோர்கா க்ராகுயெவாட்ஸில் நர்ஸ். ஆகஸ்டில் அவள் ஃபோன் செய்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

“உன் மேல எனக்குக் கோபம் இல்ல பிசெர்கா, உன் லேப்டாப் மேலதான். அக்டோபர் மொத சனிக்கிழம போட்டி ஆரம்பிக்குது. அதுக்குள்ள ஒரு ஒழுங்கான மெஷின் வாங்கிடு. இல்லேன்னா உன் எடத்துல வேற ஆளப் போட்டுடுவேன்.”

அவளைக் குற்றம் சொல்ல வாயில்லை. என் லேப்டாப்பில், நான் செத்து விழுந்த பிறகுதான் என்னைச் சுட்டவன் திரைக்கே வந்து சேருவான். ஆனால் அந்த மூன்று பெண்களும் போய்விட்டால் எனக்கு மிச்சம் இருப்பது பேருந்தும் மியோட்ராக்கும்தான்.

புருஷன் விட்டுப்போன மோட்டார் பைக்கை விற்றேன். எண்பதாயிரம் தினார் வந்தது. பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி நாமே பூட்டினால் அதற்குள் மெஷின் அடங்கிவிடும். நான் செய்த ஒரே தப்பு, இதைக் குடியும் சாப்பாடும் கிடைக்கிற எங்கள் காஃபானாவில் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வாய்விட்டுச் சொன்னது.

அந்த மேஜையில் மூன்று நிபுணர்கள். மியோட்ராக் குளியலறை ஓடு விற்கிறவன். செதோமிர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். நெனாத் கசாப்புக் கடைக்காரன். கம்ப்யூட்டரைப் பற்றி மூன்று பேருக்கும் தெரியாதது எதுவும் இல்லை, அவர்களிடம் கேட்டால்.

“மொதல்ல பவர் சப்ளை,” என்றான் செதோமிர். “அதுல கஞ்சத்தனம் பண்ணினே, வீடே எரிஞ்சுடும். என் மச்சானுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வீடு எரிஞ்சுது.”

“அவன் சிகரெட்டோட தூங்கினான்,” என்றான் நெனாத். “நீ ரேம் போடு பிசெர்கா. அறுபத்துநாலு போடு.”

“அறுபத்துநாலு எதுக்கு?”

“இருக்கட்டுமே. சோறா கேக்கப் போகுது?”

மியோட்ராக் கையைத் தூக்கினான். மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். “கூமா, ஒரு அஞ்சாயிரம் மட்டும் ஏத்திக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஐந்தாயிரம் ஏற்றினால் நல்ல பிராசசர் வரும். நல்ல பிராசசரைக் கேவலமான மதர்போர்டில் உட்காரவைக்க முடியாது என்பதால் இன்னொரு ஐந்தாயிரம். அப்புறம் கண்ணாடி வைத்த கேபினெட், ஏனென்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியாவிட்டால் எதற்காக வாங்குவது என்று கேட்டான். கண்ணாடி வந்தால் விளக்கு வேண்டும். மூன்றாவது கிளாஸ் ராக்கியாச் சாராயம் வந்து சேரும்போது என் மெஷின் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றது. அதையும் காகிதக் கைத்துண்டில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

“எங்கிட்ட எண்பதுதான் இருக்கு கூமே.”

“எண்பதுக்கு மெஷின் வராது கூமா. மெஷினோட போட்டோ வேணா வரும்.”

நான் தலையாட்டிவிட்டுக் கைத்துண்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பணிமனைக்கு எதிரே இருக்கும் கடையில் சாதாரணத் தகரக் கேபினெட், போன தலைமுறைப் பிராசசர், பதினாறு ரேம், யாரோ கழற்றிப் போட்ட மதர்போர்டு, கொஞ்சம் நல்ல பவர் சப்ளை என்று வாங்கினேன். செதோமிர் சொன்னதற்காக இல்லை, அது ஒன்றுதான் அவன் வாயிலிருந்து தவறி வந்த உண்மை. எல்லாம் போகக் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதினெட்டாயிரம் மிச்சம். சுடுகிற விளையாட்டுக்கு உயிரே அந்தக் கார்டுதான். பதினெட்டாயிரத்துக்குப் புதுசு கிடைக்காது, பழசுதான் தேட வேண்டும்.

பழைய கார்டு விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள், இந்த நாட்டில் ஒருவரும் கம்ப்யூட்டரையே தொடுவதில்லை என்று நம்பிவிடுவீர்கள். எல்லாம் புதுசு மாதிரி. எல்லாம் அத்தை ஈமெயில் பார்க்க மட்டும் வைத்திருந்தது. ஒன்றைப் பார்க்க ஒருத்தனுடைய கேரேஜுக்குப் போனேன். கம்ப்யூட்டரில் பிட்காயின் தோண்டுகிறேன் என்று ராப்பகலாக ஓடவிட்ட கார்டு, விசிறி தள்ளாடியது. முகர்ந்து பார்த்தேன். பேருந்து ஓட்டுகிறவளுக்கு, ஓடி ஓய்ந்த எஞ்சினின் வாசனை தெரியாதா?

“என் கொழந்தைங்க மேல சத்தியம், ஒரு மாசம்தான் ஓடிச்சு.”

“கொழந்தைங்களக் கூப்புடு, அவங்கள்ட்ட கேக்கறேன்.”

கூப்பிடவில்லை. இப்படியே செப்டம்பர் கரைந்தது. போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது மியோட்ராக் எங்கள் மூன்று பேரையும் வீட்டுக்கு அழைத்தான். புதுக் கார்டு வாங்கப் போகிறானாம், பழசை விற்கிறானாம், விற்பதற்கு முன்னால் அதன் பெருமையை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

கண்ணாடிக் கேபினெட்டில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் ஓடின. அவன் ஒரு மணி நேரம் விளையாடிக் காட்டினான். எல்லா மரங்களும் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தன. குதிரைக்காரன் ஒருத்தன் விட்டு விட்டு வந்தான்.

“பாத்தீங்களா? பாலா வழியுது.”

“வித்தியாசம் தெரியுது,” என்றான் செதோமிர்.

“நல்லாவே தெரியுது,” என்றான் நெனாத்.

எதிலிருந்து வித்தியாசம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் மியோட்ராக்கின் லைட்டர் உருண்டு மேஜைக்குப் பின்னால் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் குனிந்து உள்ளே போனேன்.

மானிட்டரிலிருந்து வரும் கேபிளைக் கார்டில் செருக வேண்டும். மியோட்ராக் அதை மேலே, மதர்போர்டின் துளையில் செருகியிருந்தான். கார்டின் துளைகளில் தொழிற்சாலையில் மாட்டிய கறுப்பு ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன. கையை வைத்தேன். ஒரு மணி நேரம் யுத்தம் நடந்திருக்கிறது, கார்டு சில்லென்று இருந்தது. பிராசசருக்குள் இருக்கும் சின்னப் படக்கருவிதான் இரண்டு வருஷமாக மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குதிரையை இழுத்திருக்கிறது. கார்டு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

லைட்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“கார்டு என்ன வெல கூமே?”

“உனக்குன்னா முப்பது.”

“எவ்வளவு ஓடியிருக்கு?”

கொஞ்சம்தான் ஓடியது என்று சொல்லியிருந்தால் அன்று அந்த ஊரிலேயே உண்மை சொன்ன ஒரே வியாபாரி அவனாகத்தான் இருந்திருப்பான். ஆனால் நெனாத்தும் செதோமிரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே.

“ரெண்டு வருஷம் சக்கையா புழிஞ்சிருக்கேன்! ஒரு நாள் விட்டதில்ல.”

“தெனமுமா?”

“தெனமும். இவங்களக் கேளு.”

“நாங்கதான் சாட்சி,” என்றான் செதோமிர்.

“அப்படின்னா அதோட ஆயுசு முடிஞ்சுபோச்சே கூமே. பதினெட்டுக்கு மேல யாரு தருவா?”

அவன் செதோமிரைப் பார்த்தான், நெனாத்தைப் பார்த்தான். புழிஞ்சது பொய் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். குறைத்தான். கழற்றும்போது ரப்பர் மூடிகள் அவன் கண்ணில் பட்டன.

“பாரு,” என்றான், “மூடியக்கூடத் தொலைக்காம வெச்சிருக்கேன்.”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் கார்டை விற்கமாட்டான், சனிக்கிழமை என் இடத்தில் வேறொருத்தி உட்காருவாள். சொல்லவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. கையில் கார்டு இருந்ததால் வெட்கத்தைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

சனிக்கிழமை மதியம் என் திரையில் மரங்களுக்கு இலை முளைத்திருந்தது. என்னைச் சுட வந்தவர்கள் நான் உயிரோடு இருக்கும்போதே வந்தார்கள். பதினோரு பேரை அனுப்பிவைத்தேன். “யாரு இது, நம்ம பிசெர்காவா?” என்று ஸோர்கா காதுக்குள் கத்தினாள். போட்டி முடிகிற மார்ச் வரை இடம் எனக்குத்தான் என்றாள்.

கூம் புதுக் கார்டுக்கு எழுபதாயிரம் கொடுத்திருந்தான். அது என்னை அரித்தது. மறுநாள் காஃபானாவில் அவன் ஆரம்பித்தான்.

“புதுசு போட்டாச்சு. வித்தியாசம்னா வித்தியாசம்! வானமே வேற கலர்.”

“கூமே, மானிட்டர் கேபிள எதுல சொருகியிருக்க?”

“எப்பவும் சொருகற எடத்துலதான். மேல.”

“அது கார்டுல இருக்கணும். இல்லேன்னா கார்டு சும்மாத்தான் ஒக்காந்திருக்கும்.”

மியோட்ராக்கின் காது சிவந்தது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, என் கார்டை நினைத்துப் பயமாகவும் இருந்தது. அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துப் பாதி வரை இழுத்தான்.

“தெரியும்,” என்றான்.

“தெரியுமா?”

“தெரியாம செய்வேனா? வேணும்னேதான் மேல போட்டிருக்கேன். கார்டுல நேராச் சொருகினா சூடேறி தேஞ்சுபோயிடும். மதர்போர்டு வழியா சுத்திவிட்டு எடுத்தா வருஷக்கணக்கா அலுங்காம இருக்கும். இதெல்லாம் கடைக்காரன் சொல்லமாட்டான். அவனுக்குக் கார்டு விக்கணும்ல?”

நெனாத் மெதுவாகத் தலையாட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவனும் செதோமிரும் தங்கள் மெஷினிலும் கேபிளை மேலே மாற்றியிருந்தார்கள்.

“சத்தமே இல்ல,” என்றான் நெனாத். “விசிறி சுத்தவே மாட்டேங்குது.”

“ஓட்டம் எப்படி?” என்றேன்.

“பாலா வழியுது,” என்றான் செதோமிர். “உன்னோடது?”

“விசிறி சுத்துது. சூடாகுது.”

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். மியோட்ராக் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“பதினெட்டு. எடுத்துக்கோ. கார்டத் திருப்பிக் குடு. கூம் வித்த சாமான் ரெண்டு வாரத்துல கெட்டுப்போச்சுன்னு எனக்குப் பேர் வேணாம்.”

“வேணாம் கூமே. எனக்கு அந்தக் கார்டு வேணும்.”

“கூம் சொல்றேன்.”

அதற்கு மேல் என்ன பேசுவது? பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். “கேபிள வேணா மாத்திடறேனே,” என்றேன்.

“நீ மாத்த வேணாம், நானே மாத்தறேன். அப்பவும் சூடாச்சுன்னா கார்ட எடுத்துட்டுப் போயிடுவேன்.” பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

நான்கு பேரும் என் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். மியோட்ராக் சட்டைக் கையை மடித்துவிட்டு என் மேஜைக்கடியில் மண்டிபோட்டான். கேபிளைக் கார்டிலிருந்து உருவி மதர்போர்டில் செருகினான். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. இன்னொரு முறை அழுத்தினான். கறுப்பு.

எண்பதாயிரத்துக்குள் அடக்க வேண்டும் என்று நான் வாங்கியது மலிவு வகைப் பிராசசர். அதற்குள் படக்கருவியே கிடையாது. கார்டில் கேபிள் இல்லாவிட்டால் அதனால் ஒரு புள்ளியைக்கூடக் காட்ட முடியாது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மியோட்ராக் திரும்பிவிட்டான். முகம் வெளுத்திருந்தது.

“கொன்னுட்டியே கூமா.”

“செத்தே போச்சா?” என்றான் நெனாத்.

“பாத்தா தெரியல? சூடேத்தி சூடேத்தி ரெண்டு வாரத்துல கொன்னுட்டா. எங்கிட்ட ரெண்டு வருஷம் இருந்துச்சு, ஒரு நாள் கையில சுட்டதில்ல. வெச்சுக்கத் தெரியணும்.” பணம் இருந்த பையின் பொத்தானைப் போட்டான். “இத நான் திருப்பி வாங்க முடியாது. நீயே வெச்சுக்கோ.”

சிரிப்பை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன், தோள் குலுங்கியது. மியோட்ராக் வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

“அழாத கூமா,” என்றான். செதோமிரும் நெனாத்தும் தொப்பியைக் கழற்றினார்கள்.