வேதாவுக்கு ஒரு கடற்கரை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலையுச்சியில் ஏற்றும் தீபம் மறைப்பில்லாமல் தெரியும். வீடு வாங்கும்போது தரகர் இதைப் பெரிய பாக்கியம் என்றார். யாருக்குப் பாக்கியம் என்பது முதல் கார்த்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஆரணியிலிருந்து என் சித்தப்பா முருகையன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அடுத்த வருஷம் அவருடைய சம்பந்தி வீட்டார் வந்தார்கள். அதற்கும் அடுத்த வருஷம் சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர்கள், சித்தப்பா இல்லாமலே விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சாமி பார்க்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி, லாட்ஜுக்குப் போங்கள் என்று சொல்ல திருவண்ணாமலையில் யாருக்கு வாய் வரும்? எனக்கு வராது. மனசுக்குள் நன்றாக வைவேன், அவ்வளவுதான்.

வைதது நான், வடித்துக் கொட்டியது என் மனைவி வேதா. தீபம் போனால் சித்ரா பௌர்ணமி, அது போனால் யாருக்காவது மொட்டை, காதுகுத்து. எண்பத்திரண்டாம் வருஷ தீபத்தன்று இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் கம்மி, இப்படியே விட்டால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டார், முழு ஓய்வு வேண்டும் என்றார். வீட்டிலேயே படுத்திருக்கட்டும் என்றேன். உங்கள் வீட்டிலா என்று கேட்டார். அவரும் முந்தைய வருஷம் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தவர்தான்.

வேதா எதையும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

“தெரிஞ்சவங்க யாருமே இல்லாத ஊருக்கு ஒரு வாரம் போலாங்க. கடல் இருந்தா நல்லா இருக்கும். சும்மா பாத்துக்கினு உக்காந்திருக்கலாம்.”

அவள் கேட்டுவிட்டாள், நான் அலைந்தேன். மெட்ராஸில் கடல் இருக்கிறது, அவளுடைய அக்கா வீடும் இருக்கிறது. திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்றால் சித்தப்பா எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் இடம் பிடித்துவிடுவார். மகாபலிபுரத்தில் ஒரே பள்ளிக்கூடச் சுற்றுலாக் கூட்டம். பாண்டிச்சேரி என்று சொன்னாலே ஆபீஸில் கண்ணடித்தார்கள். ஊரெல்லாம் தேடி வருகிற ஊரில் இருந்துகொண்டு, ஒருத்தரும் தேடிப் போகாத ஊர் எது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் யூனியன் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் அருணகிரிதான் தரங்கம்பாடி என்றான். பழைய கோட்டை, அகலமான தெரு, பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும் ஊர். கோயில் ஒன்று உண்டு, அதையும் கடல் பாதி தின்றுவிட்டதாம். அவனுக்குத் தூரத்துச் சொந்தமான சந்திரம்மாள் என்ற விதவை, மாடி அறையை வாடகைக்கு விடுகிறார் என்றான். பாதிக் கோயிலுக்குச் சித்தப்பா வரமாட்டார் என்று எனக்குத் தைரியம் வந்தது.

பொங்கல் கழிந்ததும் கிளம்பினோம். அக்கம்பக்கத்தாரிடம் வெளியூருக்குத் துக்கம் விசாரிக்கப் போவதாகச் சொன்னேன். துக்க வீட்டுக்கு யாரும் கூட வருகிறேன் என்று தொற்றிக்கொள்ள மாட்டார்கள் பாருங்கள்.

அருணகிரி சொன்னதில் பொய்யில்லை. கடல், காற்று, வலை உலர்த்தும் சில ஆட்கள், வேறு ஒன்றுமில்லை. வாடகை அறைக்கு மட்டும்தான் பேச்சு. ஆனால் முதல் நாள் காலையிலேயே சந்திரம்மாள் காப்பியோடு மாடியேறி வந்துவிட்டார். டம்ளரைக் கழுவ எழுந்த வேதாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். மூன்று வேளையும் கூப்பிட்டு உட்கார வைத்து இலை போட்டார். வேதாவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் மணலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். சாப்பிட்ட பிறகு வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். சந்தோஷமாக இருந்தது, என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

வாரக் கடைசியில் அவள் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. வருகிற தீபத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடலாமா என்று அவளாகவே கேட்டாள். யார் என்ன சொன்னாலும் சரி, பூட்டிவிடலாம் என்று சத்தியம் செய்தேன். அதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

கிளம்பும் நாள் சந்திரம்மாள் வாசல்வரை வந்தார். திருவண்ணாமலை தீபத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை, அந்தக் கூட்டத்தில் எங்கே தங்குவது என்றுதான் யோசனை என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தேன்.

“எங்க வூடு இருக்கும்போது எங்க தங்கறதுன்னு என்னக்கா கேள்வி?” என்றாள் வேதா. “இந்தக் கார்த்திகைக்கே வாங்க. எல்லாரையும் கூட்டிக்கினு வாங்க.”

சந்திரம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மகன்கள் குடும்பம், பொறையாற்றில் ஒரு தங்கை, தங்கையின் மாமியார் என்று வரிசையாகச் சொன்னார். வேதா ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினாள். பெட்டியோடு நான் தெருவில் நின்றேன். இடையில் புகுந்து எதைச் சொல்லி நிறுத்துவது?

பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா, உனக்குப் புத்தி இருக்கா என்று கத்தினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வேதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

“என்னை உக்கார வெச்சி சோறு போட்டாங்க. பதிலுக்குச் செய்ய எனக்கு வேற என்னங்க தெரியும்?”

எனக்குக் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. சிதம்பரம் வருவதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வருஷம் எத்தனை பாய் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்று கேட்டாள்.

நாலு போதும் என்றேன்.